ஹோல்டான் வீட்டு முதல் படி

ஹோல்டான் வீடு தெருவை விட்டுப் பின்னால் போக ஆரம்பித்த வருடத்தில் சிமெண்டு விலை இரண்டு தடவை ஏறியது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த வருடம் எதையாவது கட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு செய்தியும் சேர்ந்தே நினைவில் நிற்கின்றன. அது தெருவின் கடைசி வீடு. மற்ற வீடுகள் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் தெரு முடிகிற இடத்தில், முழுத் தெருவையும் எதிரே வைத்துப் பார்த்தபடி நின்றது. முன்னறை, படுக்கையறை, சமையலறை, முன்னால் மூன்று படிகள், படிக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நிறுத்துமளவு இடம், அவ்வளவுதான் வீடு. முதல் வருடம் அது ஒரு முழம் பின்னால் போனது, மறுவருடம் நாலு முழம். நகர்வதை யாரும் பார்க்கவில்லை. கடிகாரத்தில் சின்ன முள் நகர்வதை மட்டும் யார் பார்த்தார்கள்? சில வருடங்களில், கேட்டிலிருந்து படிக்குப் போவதற்குள் ஒரு சினிமாப் பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிடலாம் என்றாகிவிட்டது. தண்ணீர்க் குழாய் தானாகவே நீண்டுகொண்டது. மின்கம்பிக்கு அந்த நல்ல குணம் இல்லை. கரண்டு ஆபீஸ் ஆள் வருடத்துக்கு ஒருமுறை ஏணியோடு வந்து ஒரு துண்டுக் கம்பியை ஒட்டுப்போட்டுவிட்டுப் போனார். "போன தடவை கிட்டத்துல இருந்த மாதிரி இருந்துச்சே" என்று ஒருதரம் கேட்டதோடு சரி.

வீட்டுக்குப் பின்னால் நீளமான கொல்லை, கொல்லைக் கோடியில் ஓர் எலுமிச்சை மரம். வீடு போகிற வழியில் மரம் நின்றது. மரம் வழிவிடவில்லை, வீடும் சுற்றிப் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் மரம் சமையலறைக்குள் வந்து சேர்ந்தது, அடுப்புக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவே. சுவரில் ஒரு கீறல் இல்லை, கூரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கரண்டிகளைக் கிளையில் மாட்டிக்கொள்ளலாம், காயைத் தேடி வெளியே போக வேண்டாம், வசதிதான் என்று வீட்டுக்காரம்மா சொன்னதாகக் கேள்வி. முள் மட்டும் அவ்வப்போது தோளைக் கீறியது.

ஹோல்டான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. டவுன் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர் அவர். பஸ்ஸை நிறுத்துவதற்கு அவர் போடும் "ஹோல்டான்!" மூன்று தெருவுக்குக் கேட்கும். கிளப்புவதற்கு வாயைத் திறக்க மாட்டார். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் எந்த வேலை வந்தாலும் அவர் அதையும் ஹோல்டான் போட்டுத்தான் நிறுத்தினார். குழாய் ஒழுகுகிறதா, நாளைக்குப் பார்த்துக்கலாம். கேட்டில் கீல் கழன்றதா, நாளைக்கு. சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பஸ்ஸில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இருக்கிற ஓட்டத்தையெல்லாம் பஸ்ஸிலேயே ஓடிவிட்டு வருகிறார், வீட்டுக்கென்று மிச்சம் இருப்பதில்லை, பாவம் என்பது மனைவி அவருக்காகத் தெருவில் சொல்லிவைத்த சாக்கு.

அந்த மனைவியைத் தெருவே தையலக்கா என்றுதான் கூப்பிட்டது. அக்கா புதுத்துணி தைப்பதில்லை. பழையதைப் பிரித்துத் தைப்பது, சுருக்குவது, பெரிதாக்குவது, ஜிப் மாற்றுவது, இதுதான் தொழில். முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின், ஜன்னல்தான் கடை. ஆட்கள் வெளியே நின்று துணியை உள்ளே நீட்டுவார்கள், துணியோடு சேர்த்து வீட்டுக் கதையையும் நீட்டுவார்கள். தெருவில் யார் இளைத்தார்கள், யார் பருத்தார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அக்காவுக்குத் தெரியும். மெஷின் சத்தம் ஓடும், நடுவில் நிற்கும், "அப்புறம்?" என்று அக்கா கேட்பாள், மறுபடி ஓடும். தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டதுதான் தனக்குக் கிடைத்த பெரிய சீர் என்று சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று படிகளில் முதல் படி, தரையை ஒட்டியது, ஆடிக்கொண்டிருந்தது. செங்கல் மேல் வைத்த ஒற்றைக் கல். அடிச்செங்கல் ஒன்று நொறுங்கிப்போய், கல்லின் ஓரத்தில் கால் வைத்தால் மறு ஓரம் எழும்பும். நாலு வருடமாக அது நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. ஒரு மத்தியானம் யாரோ ஒருத்தி தைத்த ரவிக்கையை மறந்து வைத்துவிட்டுப் போக, அதை எடுத்துக்கொண்டு அக்கா பின்னாலேயே ஓடினாள். கல் எழும்பியது. இடுப்பு எலும்பு முறிந்து, இரும்புக் கம்பி வைத்து, மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்குள் நடக்க முடிந்தது, மெஷினை மிதிக்க முடிந்தது. படியிறங்க மட்டும் முடியவில்லை. கால் ஒத்துழைத்தாலும் மனசு மாட்டேன் என்றது.

ஹோல்டான் அன்றிலிருந்து முன்வாசலைப் பயன்படுத்தவில்லை. பக்கவாட்டில் திறக்கிற பின்வாசல் வழியாகப் போனார், கொல்லையைச் சுற்றிச் சந்து வழியாகத் தெருவுக்கு வந்தார். வீட்டின் முகப்பை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பார்க்க ஆள் இல்லாத முகப்பு என்ன ஆகும்? சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. கேட் ஒரு கீலில் தொங்கி, அப்புறம் அதுவும் வேண்டாமென்று படுத்துக்கொண்டது. தபால் பெட்டிக்குள் குருவி குடும்பம் நடத்தியது. களை முழங்கால்வரை ஏறியது. வீடு பின்னால் போக ஆரம்பித்ததும் அப்போதுதான். அவர் பார்க்காததால் வீடு கோபித்துக்கொண்டு போகிறது என்று தெருவில் ஒரு கட்சி சொன்னது. இல்லை, தன் கோலத்தைத் தெரு பார்க்கிறதே என்று கூசிப்போகிறது என்றது இன்னொரு கட்சி. எந்தக் கட்சியாக இருந்தாலும் வீடு போய்க்கொண்டுதான் இருந்தது.

முதலில் வாடிக்கைக்காரர்கள் களையை மிதித்துக்கொண்டு ஜன்னல்வரை போனார்கள். தூரம் கூடக்கூட வாரம் ஒருமுறை வந்தவர்கள் மாதம் ஒருமுறை வந்தார்கள். அப்புறம், நாளைக்குப் போய்க்கலாம் என்று அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஹோல்டானின் வியாதி தெருவுக்கே தொற்றிக்கொண்டது. ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரு ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது, அதில் அசைவது ஆளா சைக்கிளா என்று சொல்ல முடியவில்லை. அக்கா கைதட்டிக் கூப்பிட்டாள், ஊன்றுகோலில் சிவப்புத் துணி கட்டி ஆட்டினாள். யாரும் திரும்பவில்லை. "ஏங்க, தெரு இப்பக் கேக்கவே மாட்டேங்குதுங்க" என்றாள் ஒருநாள். "எல்லாரும் வேலைக்குப் போற நேரம்" என்றார் அவர். அடுத்த மாதம் அவள் மெஷினுக்கு மூடி போட்டாள். அதற்கடுத்து ஒரு சாயங்காலம் அவர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தபோது, அக்காவின் நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கோபமாகவும் இல்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டால் இவள் இந்த நாற்காலியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அதே வாரம் பின் தெருப் பல் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், உரக்கப் பேச மாட்டார். அவருடைய மதில்சுவருக்கும் ஹோல்டான் வீட்டுப் பின்சுவருக்கும் நடுவில் இப்போது கை நுழைகிற இடம்தான் இருக்கிறது என்றார். பல் ராவுகிற சத்தம் இவர்கள் படுக்கையறைக்குக் கேட்பதும், இவர்கள் குறட்டை அங்கே பல் பிடுங்கிக்கொள்கிறவர்களுக்குக் கேட்பதும் பரவாயில்லை, ஆனால் சுவர் தாங்காது என்றார். ஹோல்டான் விரக்தியில், "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் போனா என்ன, முழம் போனா என்ன டாக்டர்" என்றார். "உங்களுக்கு முழக்கணக்கா இருக்கலாம் சார். எனக்குச் சாண்தான் பிரச்சினை. இன்னும் ஒரு சாண்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

மறுநாள் ஹோல்டான் ஒரு கொத்தனாரையும் ஒரு பெயிண்டரையும் கூட்டிவந்தார். அவர்கள் கேட்டை நிமிர்த்தி நிறுத்தினார்கள், முன்சுவரில் பாதியைச் சுரண்டினார்கள். வீடு அசையவில்லை. அசையாதது மட்டுமில்லை, மறுநாள் காலையில் நாலு விரல் பின்னால் போயிருந்தது. அக்காவின் தம்பி, பஸ் டிப்போவில் பெயிண்ட் அடிக்கிறவன், வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டான். தன்னைத் தூக்கி வளர்த்த அக்கா என்பான், அத்தானைக் கிண்டல் செய்யாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான். "அத்தான், மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறப்போ கூலிக்கு ஆள் வெச்சு சமாதானம் பேசினா வருவாரா? நீங்க போகணும். நீங்களே போய்க் கையப் புடிச்சு இழுக்கணும்" என்றான்.

ஹோல்டான் மண்வெட்டியைத் தேடி எடுத்தார். அது எலுமிச்சை மரத்து வேருக்கும் அடுப்புத் திண்டுக்கும் நடுவில் கிடந்தது. ஆறு வருடம் கழித்து முதல்முறையாகச் சந்து சுற்றி வந்து வீட்டின் முன்பக்கம் போய் நின்றார். நிமிர்ந்து பார்க்காமலே குனிந்து களையை வெட்ட ஆரம்பித்தார். கையில் கொப்புளம் வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. கேட்டை ஒட்டி ஒரு பாய் விரிக்குமளவு தரை தெரிந்ததும், பாரமான பீரோவை யாரோ இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தார். வீடு ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. பின் தெருவிலிருந்து "ரொம்ப நன்றி சார்" என்று பல் டாக்டரின் குரல் கேட்டது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கால் மறுபடி ஓட ஆரம்பித்தது. களை முழுக்க எடுத்து முடித்தபோது வீடு இரண்டு ஆள் நீளம் முன்னால் வந்தது. கேட்டின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, செங்காவி நிறத்தில் ஒரு பூச்சு அடித்து, கீலுக்கு எண்ணெய் விட்டார்; வீடு வந்தது. ஜன்னல் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைத்தார், கொஞ்சம் வந்தது. தபால் பெட்டியைக் கழற்றவில்லை, குருவி முட்டையிட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி அடித்து வைத்தார். இதற்கு வீடு நல்ல தூரம் வந்தது, அதற்கும் குருவியைப் பிடிக்கும் போலிருக்கிறது. நடுவில் ஒருநாள் எலுமிச்சை மரம் சமையலறைச் சுவர் வழியாக வெளியேறி மறுபடி கொல்லையில் போய் நின்றது. கிளையில் தொங்கிய இரண்டு கரண்டியும் ஒரு சல்லடையும் அதோடு போய்விட்டன. அக்கா அவற்றைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டாள்.

முன்சுவருக்குப் பெயிண்ட் வேண்டியிருந்தது. டிப்போவில் அந்த வருடம் பஸ்களுக்கு நிறம் மாற்றியதால் பழைய நிறத்து டப்பாக்கள் மூலையில் கிடந்தன, தூக்கிப்போட இருந்தார்கள். மச்சினன் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்த்தான். பச்சையும் பாலேட்டு நிறமும். ஹோல்டானுக்குப் பச்சையும் பாலேடும் எப்படிச் சேர வேண்டும் என்று ஒரே ஒரு விதம்தான் தெரியும். கீழே பச்சை, மேலே பாலேடு, இரண்டும் சேருகிற இடத்தில் ஜன்னல் மட்டத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. கதவுக்கு மேலே கறுப்புப் பலகை அடித்து, வீட்டு எண்ணை மஞ்சளில், தடித்த எழுத்தில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி எழுதினார். எழுதி முடித்து இறங்கிப் பார்த்தபோதும் அவருக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வெளியூர்க்காரர் ஒருவர் பையோடு வந்து கேட்டருகே நின்று, வண்டி எப்போ கிளம்பும் என்று கேட்டார். அக்கா ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. "நம்பர் மட்டும் எழுதினாப் போதுமா? எங்க போகுதுன்னு எழுத வேணாமா?" என்று கணவரைக் கேட்டாள். நாற்காலி மறுபடி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஆனால் வீடு கேட்டுக்கு வந்து சேரவில்லை. ஒரு பஸ் நீளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டது. தெரு இப்போது தெரிந்தது, ஆனால் பேச்சு கேட்கவில்லை. வாய் அசைவதுதான் தெரிந்தது. அக்காவுக்கு அது முன்னைவிட மோசமாக இருந்தது. ஹோல்டான் கதவைத் தேய்த்து வார்னிஷ் அடித்தார். பித்தளைக் கைப்பிடியை எலுமிச்சைத் தோலால் துலக்கினார். விளக்கு ஒன்று மாட்டினார், எதிர்ப்பக்கம் இன்னொன்று மாட்டினார். பாதைக்கு இருபுறமும் செங்கல்லைச் சாய்த்துப் பதித்தார். பூந்தொட்டிகள் வாங்கி முதல் படிக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார், அதற்கு முன்னால் இன்னொரு வரிசை, அதற்கும் முன்னால் இன்னொன்று. வீடு இம்மி நகரவில்லை. குருவிகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி கட்டிய அன்று, சலித்துப்போன மாதிரி ஒரு விரல் பின்னால்கூடப் போயிற்று. "இதுக்கு மேல என்னதான் பண்றது? வீட்டுக்கு மூக்குத்தி போட்டுவிடறதா?" என்று அவர் மண்வெட்டியை வீசினார்.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"எல்லாம் பண்ணிட்டீங்க. அந்தப் படியை எப்பப் பண்ணப் போறீங்க?"

"எந்தப் படி?"

"பூந்தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அந்தப் படி."

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அதைத் தொட என்னால முடியலைம்மா" என்றார். "கல்லா உன்னைத் தள்ளிவிட்டுச்சு? நான்தான் தள்ளிவிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிச் சொல்லியே நான்தான் தள்ளிவிட்டேன்."

"தெரியும்" என்றாள் அக்கா. "தெரியாமலா இத்தனை வருஷம் உங்களுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன்? கல்லு ஆடுதுன்னு எனக்கும்தான் தெரியும், நானும்தான் பாத்து இறங்கலை. இடுப்பு எப்பவோ ஆறிப்போச்சுங்க. நீங்க என்னைத் தாண்டிக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போவீங்க பாருங்க, அதுதான் வலிச்சுது. முன்வாசல் வழியாப் போனா ஜன்னல்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவீங்கல்ல?"

அவர் முகத்தைத் தோள் துண்டில் அழுத்தித் துடைத்தார். "நாளைக்கு..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, பாதியில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரம் வைத்தார்.

படியை அவர் அக்கா சொல்லச் சொல்லத்தான் செய்தார். அவளுக்குக் கொத்து வேலை தெரியாது, ஆனால் எதையும் பிரித்துத்தான் மறுபடி தைக்க வேண்டும் என்பது தெரியும். கல்லைக் கடப்பாறையால் நெம்பி எடுத்தார். நொறுங்கின செங்கல்லை மட்டும் மாற்றிவிட்டு மேலே பூசப் போனவரை, "பழைய தையல் மேலயே தைக்காதீங்க, முழுக்கப் பிரிங்க" என்று ஜன்னலிலிருந்து தடுத்தாள். முழுக்கப் பிரித்தார். அடியில் மண்ணை இடித்து இறுக்கினார். புதுச் செங்கற்களை வாளியில் ஊறவைத்து, சிமெண்டு குழைத்து, மேல் இரண்டு படிகளோடும் சுவரோடும் கோத்துக் கட்டினார். ரசமட்டம் வைத்துக் கல்லை உட்கார வைத்தார், குமிழ் நடுவில் நிற்கும்வரை எழுப்பி எழுப்பி வைத்தார். "ஓரத்தை மழுக்கி விடுங்க, மடிச்சுத் தைச்ச மாதிரி இருக்கணும்" என்றாள். மழுக்கினார். நனைந்த சாக்கைப் போட்டு மூடி, காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்தார். அந்த நாட்களில் ஒவ்வொரு தடவையும் ஜன்னலருகே நின்று பேசிவிட்டுத்தான் போனார். ஆறு வருடப் பேச்சு பாக்கி இருந்ததால் சாக்கு எப்போதும் தேவைக்கு மேலேயே நனைந்தது.

சாக்கை எடுத்த அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். வீடு இருமக்கூட இல்லை, சத்தமே போடாமல் வந்து கேட்டை ஒட்டிப் பழைய இடத்தில் நின்றது. தெரு ஒரேயடியாக உள்ளே நுழைந்தது. சைக்கிள் மணி, யாரோ யாரையோ திட்டுவது, தண்ணீர்க் குடம் குழாயில் இடிப்பது, எல்லாம் அக்காவின் மடியில் வந்து விழுந்தன. அக்கா மெஷினின் மூடியைக் கழற்றினாள். ஹோல்டான் முதல் படியில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். ஆடவில்லை. ஓரத்தில் குதித்தார். ஆடவில்லை. மனசு நிறைந்துபோய்க் கீழே இறங்கி, பக்கவாட்டுச் சுவரருகே போய் நின்றார். வேலை முடிந்த திருப்தியில், முப்பது வருடம் செய்ததைக் கை தன் போக்கில் செய்தது. பச்சைச் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

வீடு கிளம்பியது.

அது கேட்டைத் தாண்டிய விதம் பற்றி இரண்டு கருத்து உண்டு, ஆனால் கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அவ்வளவு அகல வீட்டுக்கு அந்தத் தெரு போதாது என்று பிற்பாடு கயிறு போட்டு அளந்தவர்கள் சொன்னார்கள். அன்று போதுமாக இருந்தது. மின்கம்பி அறுந்து கம்பத்தில் தொங்கியது, தண்ணீர்க் குழாய் வழக்கம்போல நீண்டுகொடுத்தது. பச்சையும் பாலேடுமாக, நம்பர் பலகையோடு, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வீடு தெருவில் போனது. ஹோல்டான் ஒரு கணம் நின்ற இடத்திலேயே நின்றார். மறுபடியும் அவளை நானே தள்ளிவிட்டேனா என்பதுதான் அவருக்குத் தோன்றியது. அப்புறம் செருப்பை உதறிவிட்டு ஓடினார். "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினார். மூச்சு வாங்கியதில் குரல் எடுபடவில்லை. முன்சுவரை எட்டிப் பிடித்தபோது ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் பயம் இல்லை. காற்றில் முடி பறக்க, வாயெல்லாம் பல்லாக இருந்தாள்.

"ஏறுங்க!" என்று கத்தினாள். "படியில ஏறுங்க! அதான் நல்லாக் கட்டியிருக்கீங்கல்ல!"

அவர் ஓடிக்கொண்டே ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்து, முதல் படியில் தாவினார். முழு உடம்பின் பாரமும் கல்லின் ஓரத்தில் விழுந்தது. படி தாங்கியது. துளி ஆடவில்லை. அவர் அதன் மேல் நின்றபடியே, ஒரு கை நிலையில், ஒரு கை வெளியே, பஸ்ஸில் நின்ற மாதிரியே நின்று விம்மி விம்மி அழுதார். தெருவில் பார்த்தவர்கள் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு வருடமாக வீட்டை விட்டு இறங்காத அக்கா, அன்று வீட்டோடு தெரு முழுக்கப் போனாள். முடிவெட்டும் கடைக்குப் புதுக் கண்ணாடி வந்திருந்தது. மருந்துக் கடைக்காரர் இளைத்திருந்தார். பள்ளிக்கூடச் சுவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சைக்கிள் பஞ்சர் கடை. ஒவ்வொருவரும் ஜன்னலோடு கூடவே நடந்து வந்து பேசினார்கள், குற்றவுணர்ச்சியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "கால் சட்டைத் தையல் பிரிஞ்சிருக்கு, அதோடயே சுத்தறியா? வெக்கமா இல்லை?" என்று ஒருவரை அதட்டினாள். அவருக்கு ஐம்பது வயது, அரசாங்க அதிகாரி. கண் கலங்கி, நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றார். "நாளைக்கு இல்லை, இன்னைக்கு" என்றாள். தெருமுனையில் பெரிய சாலை வந்ததும் வீடு தயங்கியது. வீட்டுக்கு வளையத் தெரியாது. ஹோல்டான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, முழுக்குரலில் "ஹோல்டான்!" என்றார். வீடு நின்றது.

திரும்பி வருவது ரிவர்ஸில்தான். அது அவருடைய கைவந்த கலை. வீட்டின் பின்பக்கம் போய் நின்று, பின்னால் நடந்தபடியே, "வரலாம், வரலாம், வரலாம்... லேசா இடது... சைக்கிளை எடுங்கப்பா... வரலாம்" என்று சுவரைத் தட்டித் தட்டி அழைத்துவந்தார். முன்னால் ஜன்னலில் தெரு மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே போனது. முன்பு அதைத்தான் வருடக்கணக்கில் பார்த்து அக்கா உள்ளுக்குள் உடைந்தாள். இந்தத் தடவை கையசைத்துக்கொண்டிருந்தாள். வீடு பழைய இடத்தில், அரை விரல் பிசகாமல், வந்து உட்கார்ந்தது. பின் தெருவிலிருந்து பல் டாக்டர் மதில்மேல் எட்டிப் பார்த்து, போதுமான இடம் இருப்பதை உறுதி செய்துகொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு போய்வருவது வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தெருவில் சைக்கிள்களை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார்கள். கரண்டு ஆபீஸ் ஆள் கம்பியில் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தார், மாட்டிக்கொள்ளலாம், கழற்றிக்கொள்ளலாம். யாராவது துணியோடு வந்து பார்த்து வீட்டைக் காணாமல் முழித்தால், "வீடு வெளிய போயிருக்கு, இப்ப வந்துரும், உக்காருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி போடுகிறார். அவசரக்காரர்கள் துணியை எலுமிச்சை மரத்தில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஹோல்டான் முகப்புக்குப் புதுப் பூச்சு அடிக்கிறார், நிறத்தை மாற்றலாமே என்று யாரும் சொல்வதில்லை. கறுப்புப் பலகையில் எண்ணுக்குக் கீழே அக்கா சொல்லி ஒரு வரி சேர்ந்திருக்கிறது: தெருமுனை, வழி: எல்லா வீடும். முன்னறையில் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொள்வதும் உண்டு. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று அவர் அதட்டுவார். முதல் படியில் அவர் மட்டும்தான் நிற்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மச்சினன் மேலே பார்த்துவிட்டு, "அத்தான், மழை புடிச்சுக்கும் போலிருக்கு. நாளைக்குப் போய்க்கலாமே?" என்றான். ஹோல்டான் அவனை ஒரு பார்வை பார்த்தார். கம்பிக் கொக்கியைக் கழற்றினார், படியில் ஏறினார், ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"இப்பவே போறோம். ஏறிட்டியாம்மா?"

"நான் எங்க இறங்கினேன்?" என்றாள் அக்கா.

அவர் சுவரில் இரண்டு தட்டு தட்டினார். வீடு கிளம்பியது.